முதல் தலைமுறை மாணவருக்குக் கல்லூரிக்குள் என்ன உதவி? பிரிட்ஜ் கோர்ஸ், ஸ்பெஷல் கிளாஸ், கூடுதல் ஆண்டு, குழுப் படிப்பு: எதைத் தேர்ந்தெடுக்கலாம்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை இன்ஜினியரிங் கல்லூரிக்குள் கால் வைக்க இன்று வழி இருக்கிறது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2021-இல் வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடங்களைத் தனியாக எடுத்து வைத்தது, அந்த ஒதுக்கீட்டில் வருபவர்களின் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றுக்கொண்டது. அப்புறம் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022-லும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் வந்தன. இதெல்லாம் வாசலைத் திறந்து, ஃபீஸ் கவலையைக் குறைத்திருக்கிறது. ஆனால் உள்ளே வந்த பிள்ளை முதல் செமஸ்டர் கணிதத்தில் தேறுவதற்கு என்ன செய்வது என்பது அந்தந்தக் கல்லூரியின், பல இடங்களில் அந்தந்தத் துறையின் கையில்தான் இருக்கிறது.

அந்த முடிவை எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எச்.ஓ.டி. எனும் துறைத் தலைவர்கள், முதலாண்டு ஒருங்கிணைப்பாளர்கள், என்னைப் போல முதலாண்டுக்குக் கணிதம் எடுப்பவர்கள். ஒரு துறையால் ஒரு வருஷத்தில் ஒரு விஷயத்தைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும். ஆள் போதாது, நேரம் கிடையாது, தனி நிதி என்று ஒன்று இருக்காது. ஆகவே எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்பு நேரத்துக்குள்ளேயே, எல்லா மாணவர்களையும் கலந்து, கடினமான கணக்குகளைக் கொடுத்து, ஒரு சீனியரின் துணையோடு நடத்தும் குழுப் படிப்பு. மற்றவற்றை ஏன் பின்னால் வைக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, சில கல்லூரிகளுக்கு அவையே சரியாகவும் இருக்கலாம்.

பிரிட்ஜ் கோர்ஸ் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. வகுப்பு தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று வாரம், ப்ளஸ் டூ பாடத்தில் இருக்கும் ஓட்டைகளை அடைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. சொல்லும் மூன்று வார இன்டக்‌ஷன் நிகழ்ச்சி ஏற்கெனவே இருப்பதால் அதற்குள் செருகிவிடலாம், தனிச் செலவும் இல்லை. சிக்கல் என்னவென்றால் நம் ஊரில் எல்லோரும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. கவுன்சலிங் சுற்றுச் சுற்றாகப் போகிறது, கடைசியில் துணைக் கவுன்சலிங் வேறு. கட்-ஆஃப் குறைவாக இருப்பவர்கள் பிந்தைய சுற்றில்தான் வருகிறார்கள். யாருக்காக பிரிட்ஜ் கோர்ஸ் போட்டோமோ அவர்களில் பாதிப்பேர் வந்து சேரும்போது அது முடிந்துபோயிருக்கும். வந்தவர்களுக்கும் இரண்டு வருஷப் பாடத்தை இரண்டு வாரத்தில் ஓட்டிக் காட்டுகிறோம், அக்டோபருக்குள் அது காற்றில் கரைந்துவிடுகிறது.

பிரிட்ஜ் கோர்ஸ் நன்றாக நடந்த இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகத்தில் 1988-இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டம், அறிவியலில் ஆராய்ச்சிப் பட்டம் வரை போகும் கறுப்பின மாணவர்களை உருவாக்குவதற்காக வந்தது. ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி அதை முன்னின்று நடத்தினார். 1989-இல் வந்த முதல் அணியில் 19 பேர். அங்கே கோடையில் 6 வாரம் எல்லோரும் ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள், அதற்குப் பிறகு நாலு வருஷமும் அதே அணியாகவே போகிறார்கள். கோவிட் தடுப்பூசி ஆராய்ச்சியில் பெயர் வாங்கிய கிஸ்மெக்கியா கார்பெட் அதில் படித்து வந்தவர்தான். ஆனால் கவனியுங்கள், அங்கே அந்த 6 வாரம் ஒரு நீண்ட வேலையின் முதல் படி மட்டுமே. ஸ்காலர்ஷிப், ஆய்வகத்தில் வேலை, வழிகாட்டி எல்லாம் பின்னால் வரிசையாக நிற்கின்றன. தவிர, ஏற்கெனவே நல்ல மதிப்பெண் வாங்கியவர்களைத் தேர்ந்தெடுத்து எடுக்கும் திட்டம் அது. அந்த முதல் படியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே வைத்தால் அதே பலன் வரும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

சரி, அடுத்து ஸ்பெஷல் கிளாஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், நம் கல்லூரிகளில் மிக அதிகமாக நடப்பது இதுதான்.

முதல் இன்டர்னல் முடிந்ததும் 50-க்குக் கீழே வாங்கியவர்களின் பட்டியல் தயாராகிறது. அதற்கு ஸ்டாஃப் ரூமில் 'ஸ்லோ லேனர் லிஸ்ட்' என்று பெயர். கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்கும் நாக் மதிப்பீட்டிலேயே மெதுவாகக் கற்பவர்களுக்கும் வேகமாகக் கற்பவர்களுக்கும் தனித்தனியாக என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள், ஆகவே பட்டியலும் வேண்டும், வருகைப் பதிவும் வேண்டும், கையெழுத்தும் வேண்டும். நோட்டீஸ் போர்டில் பெயர் வருகிறது. கடைசி ஹவர் முடிந்து 4 மணிக்கு மேல் அதே ஆசிரியர் அதே கரும்பலகையில் பழைய கேள்வித்தாள் கணக்குகளை மறுபடியும் போட்டுக் காட்டுகிறார். பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த இன்டர்னலில் சிலர் 50-ஐத் தொடுகிறார்கள், பட்டியல் சுருங்குகிறது, எல்லோருக்கும் நிம்மதி. யூனிவர்சிட்டி தேர்வில் எண்ணை மாற்றி, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் அதே பெயர்கள் அரியர் பட்டியலில் வந்து நிற்கின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவும் 11-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மை மாணவர்களுக்கான ரெமடியல் பயிற்சிக்கென்று வழிமுறை வகுத்து நிதி கொடுத்தது. அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன், பாடத்தில் பின்தங்கிய காரணத்தால் ஒருவர் பட்டம் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. ஆனால் 60 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இன்னின்ன பிரிவினர் மட்டும் மாலையில் இருங்கள் என்று சொல்லும் நொடியில் அந்தப் பிள்ளைகள் முகத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தன் ஊர்ப் பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்த பையன் அவன். பத்தாம் வகுப்பில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருப்பான். அவனை முதல் இரண்டு மாதத்துக்குள் 'மெதுவாகக் கற்பவன்' என்று எழுதி ஒட்டுகிறோம். அதன் பிறகு அவன் வகுப்பில் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிடுகிறான். இதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், ஒவ்வொரு வருஷமும் மனசு கேட்பதில்லை.

நடைமுறையிலும் இது சரியாக வருவதில்லை. பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் 4 மணி வாக்கில் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் ஊருக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஆகவே டே ஸ்காலர் பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்கவே முடியாது. மிஞ்சுவது ஹாஸ்டல் பிள்ளைகள்தான், அதிலும் பெண்கள் ஹாஸ்டல் கேட் சீக்கிரம் மூடிவிடும்.

மூன்றாவது வழி, கூடுதல் ஆண்டு. ஐ.ஐ.டி.களில் பிரிபரேட்டரி கோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, நம் ஊரில் பலருக்குத் தெரியாது. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி இடங்கள் நிரம்பாதபோது, கட்-ஆஃபை மேலும் தளர்த்தி ஒரு தனித் தரவரிசை போட்டு, அதில் வருபவர்களை ஒரு வருஷம் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படிக்க வைக்கிறார்கள். அதில் தேறினால் மறுபடி ஜே.இ.இ. எழுதாமலே அடுத்த வருஷம் பி.டெக். முதலாண்டில் சேரலாம். தென்னாப்பிரிக்காவில் இதையே வேறு மாதிரி செய்கிறார்கள். கேப் டவுன் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களில் மூன்று வருஷப் பட்டத்தை நாலு வருஷமாக நீட்டி, முதலாண்டுப் பாடத்தை இரண்டு வருஷத்துக்குப் பரப்பி, கூடுதல் வகுப்புகளோடு நடத்துகிறார்கள். நிறவெறி ஆட்சி கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பள்ளிக் கல்வியின் பாதிப்பை முதலாண்டின் வேகத்தில் சரிக்கட்ட முடியாது என்ற தெளிவு அதற்குப் பின்னால் இருக்கிறது. 2013-இல் அந்நாட்டின் உயர்கல்விக் குழு ஒருபடி மேலே போய், பட்டப்படிப்பின் காலத்தையே பொதுவாக நீட்டி, முடிந்தவர்கள் சீக்கிரம் முடித்துக்கொள்ளட்டும் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் யாரையும் தனியாகப் பிரிக்காமல் நேரம் கொடுக்கும் வழியாக இருந்திருக்கும்.

நேரம் என்பது உண்மையான உதவி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பள்ளியில் கணித ஆசிரியர் இடம் பாதி வருஷம் காலியாக இருந்த ஒருவரை, நாமக்கல் பக்கம் விடுதியில் வைத்து இரண்டு வருஷம் அரைத்துக் கொடுத்த பள்ளியிலிருந்து வந்தவரோடு அதே வேகத்தில் ஓடு என்று சொல்வதில் நியாயமில்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தின் விலையை யார் கட்டுவது? வீட்டில் முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு வருஷம் தள்ளிப்போவது சாதாரண விஷயம் இல்லை. தங்கையின் படிப்பு, கல்யாணம், வாங்கிய கடன் எல்லாம் அந்தச் சம்பளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். தவிர இது ஒரு துறை எடுக்கக்கூடிய முடிவே இல்லை, பல்கலைக்கழகமோ அரசோ எடுக்க வேண்டியது. ஆகவே இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இப்போது குழுப் படிப்பு. இதன் கதை கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களின் நடுவில் தொடங்குகிறது. யூரி ட்ரெய்ஸ்மன் அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவர். முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆசிரியர்களிடம் காரணம் கேட்டார். ஆர்வம் இல்லை, அடிப்படை இல்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வசதி இல்லை என்றார்கள். நம் ஸ்டாஃப் ரூமில் இன்று கேட்டாலும் இதே நாலு பதில்தான் வரும். அவர் அதோடு நிற்காமல் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன அமெரிக்க மாணவர்களையும் அவர்கள் அறைக்கே போய், எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகளாக இல்லை. ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படி என்று ஆசிரியர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்து, வாரம் 8 மணி நேரம் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தனியாக. 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படித்ததே இல்லை. சீன மாணவர்களும் தனியாக 8, 10 மணி நேரம் படித்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு மாலையில் ஒன்றுகூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவறை ஒருவர் பிடித்து, பழைய தேர்வுத்தாள்களைப் பார்த்து, வாரம் 14 மணி நேரம் வரை போனார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது உண்மையிலேயே கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக உட்கார்ந்தவனுக்கோ, தனக்கு மட்டும்தான் வரவில்லை என்று தோன்றியது.

இன்னொன்றையும் அவர் கண்டார். ரெமடியல் உதவி அப்போதே அங்கே நிறைய இருந்தது. ஆனால் பள்ளியில் முதலாவதாக வந்த அந்தப் பிள்ளைகள் தங்களை ரெமடியல் தேவைப்படுபவர்களாக நினைக்கவே இல்லை, அந்தப் பக்கம் போகவும் இல்லை. அதனால் 1978-இல் அவர் தொடங்கிய பயிலரங்குக்கு வழக்கத்துக்கு நேர்மாறான பெயரைக் கொடுத்தார்: திறமையாளர்களுக்கான வகுப்பு. வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகள். சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து போட வேண்டும். எல்லா இனத்து மாணவர்களும் வரலாம். அதில் படித்த கறுப்பின, லத்தீன் மாணவர்கள் கால்குலஸில் தேறியது மட்டுமில்லை, நல்ல கிரேடும் வாங்கினார்கள். பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டின் உட்படப் பல இடங்களுக்கு அது பரவியது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் தொடங்கிய முறை. அவர் பிரச்சினையை வைத்த இடமே வேறு. 'பலவீனமான மாணவர் யார்' என்று பட்டியல் போடாமல், 'அதிகம் பேர் தோற்கும் பாடம் எது' என்று பட்டியல் போட்டார். அந்தப் பாடத்துக்கு மட்டும், அதை முன்பே நன்றாக முடித்த ஒரு சீனியரை நியமித்து, வாராவாரம் கூட்டுப் படிப்பு நடத்த வைத்தார். யார் வேண்டுமானாலும் வரலாம். பட்டியலில் ஏறுவது பாடம், மாணவர் இல்லை. நம் கல்லூரிகளுக்கு இந்த ஒரு மாற்றம் மட்டும் வந்தால்கூட எவ்வளவோ சரியாகும். முதலாண்டில் எந்தப் பாடத்தில் அரியர் குவிகிறது என்று எந்தத் துறையைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். எம்-1, அதாவது முதல் செமஸ்டர் கணிதத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் யூனிட் மேட்ரிக்ஸ் (அணி), அதில் ஐகன் வேல்யூ: ஓர் அணியால் பெருக்கும்போது ஒரு வெக்டர் எத்தனை மடங்காகத் திரும்ப வருகிறதோ அந்த எண். ஸ்பெஷல் கிளாஸில் கொடுக்கும் கணக்கு இப்படி இருக்கும்: இந்த 3×3 அணிக்கு ஐகன் வேல்யூ கண்டுபிடி. அதற்கு ஒரு வழி இருக்கிறது, படிப்படியாகப் போனால் விடை வரும், யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. குழுவுக்குக் கொடுக்க வேண்டியது வேறு மாதிரி: ஒரு 3×3 அணியில் ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 5. உள்ளே இருக்கும் எண்கள் தெரியாது. 5 அதற்கு ஐகன் வேல்யூ என்று காட்டு. முதல் 5 நிமிஷம் அமைதி. அப்புறம் ஒருவர் எண்களை இட்டு சோதித்துப் பார்ப்பார், இன்னொருவர் இன்னொரு அணியை எடுத்துப் பார்ப்பார், இரண்டிலும் 5 வரும், ஏன் வருகிறது என்று சண்டை தொடங்கும். யாராவது ஒருவர் எல்லாமே 1 ஆக இருக்கும் வெக்டரால் பெருக்கிப் பார்த்துவிட்டு, 'டேய், கூட்டுறதும் இதால பெருக்குறதும் ஒண்ணுதானே' என்பார். அந்த ஒருவர் பெரும்பாலும் கட்-ஆஃபில் முன்னால் நிற்பவராக இருப்பதில்லை. அதன் பிறகு, நிரைக்குப் பதில் நிரல்களின் கூட்டுத்தொகை 5 என்றால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஐகன் வேல்யூ என்றால் என்ன என்பதை மறக்க மாட்டார்கள், கேள்வித்தாளில் எண் மாறினாலும் பயப்பட மாட்டார்கள்.

இன்னொரு நன்மை, மொழி. தமிழ் மீடியத்தில் படித்தவருக்கு அணியும் அணிக்கோவையும் தெரியும், தொகையிடல் நன்றாக வரும். ஆங்கிலத்தில் எழுந்து கேட்கத்தான் வாய் வராது. குழுவில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், சீனியரும் தமிழிலேயே விளக்குவார், கடைசியில் விடையை மட்டும் எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் தேர்வுக்கும் ஆயிற்று. ஸ்பெஷல் கிளாஸில் இது நடக்காது, ஏனென்றால் அங்கே பேசுவது ஆசிரியர் மட்டும்தான்.

தவறாகப் போகும் இடங்களும் இருக்கின்றன. அரசுப் பள்ளி, மெட்ரிக் என்று பிரித்துக் குழு போட்டால் அது ஸ்பெஷல் கிளாஸாகவே திரும்பிவிடும். ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் அல்லது ஒரே ஒரு தமிழ் மீடியம் பிள்ளை என்று வைத்தால் அந்த ஒருவர் பேச மாட்டார், இரண்டு பேராவது சேர்ந்து இருக்க வேண்டும். இரண்டு பேர் போட மற்ற மூவரும் காப்பி அடிப்பது நடக்கும், அதற்கு வழி, குழுவுக்கு ஒரே தாள் ஒரே பேனா கொடுத்து, எழுதுபவரை ஒவ்வொரு கணக்குக்கும் மாற்றுவது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு இருப்பது. பிள்ளைகள் தப்பான வழியில் போகும்போது 10 நிமிஷம் பொறுத்துக்கொள்ள நமக்குப் பழக்கமே இல்லை.

ஐந்தாவதாக, பணமும் ஆளும் சேர்த்துக் கொடுக்கும் முறை. புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் இதற்குத்தான் முதல் இடம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், இரண்டு வருஷப் பட்டம் தரும் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஏ.எஸ்.ஏ.பி. என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணம் தள்ளுபடி, பாடப்புத்தகம், மெட்ரோ பயணச்சீட்டு, அப்புறம் ஒரு தனி ஆலோசகர். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் சுமார் 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. மூன்று வருஷத்தில் பட்டம் முடித்தவர்கள், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம், வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம். செலவு அதிகம்தான், ஆனால் ஒரு பட்டத்துக்கு எவ்வளவு செலவானது என்று வகுத்துப் பார்த்தபோது வழக்கமான முறையைவிடக் குறைவாகவே வந்தது. குலுக்கல் போட்டுச் சோதித்து இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டிய திட்டங்கள் உயர்கல்வியில் அபூர்வம்.

நமக்கு இதில் என்ன பாடம்? கட்டணத்தின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் அரசு ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பது ஆலோசகர். அங்கே ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள், வழக்கமான ஆலோசகருக்கு 600-க்கு மேல். இங்கே காகிதத்தில் ஒரு டியூட்டருக்கு, அதாவது மாணவர்களைக் கவனித்துக்கொள்ள நியமித்த ஆசிரியருக்கு, 20 மாணவர்கள், கணக்குப்படி நாம் நியூயார்க்கைவிட மேல். ஆனால் அந்த ஆலோசகருக்கு அது ஒன்றே வேலை, மாணவரை அடிக்கடி நேரில் சந்தித்தே ஆக வேண்டும். நம் டியூட்டர் வாரம் 16 ஹவர் வகுப்பு எடுத்து, தேர்வுத்தாள் திருத்தி, ஆவணம் தயாரித்து, இடையில் மென்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார். 20 பேரோடும் பேச அவருக்கு மனசு இருந்தாலும் நேரம் இல்லை. துறையில் ஒருவருக்காவது 6 ஹவர் பாரத்தைக் குறைத்து, முதலாண்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுக்க முதல்வர் சம்மதித்தால், அது எந்தப் பிரிட்ஜ் கோர்ஸையும்விடப் பெரிய உதவி. குழுப் படிப்புக்கு அடுத்து நான் கேட்பது இதைத்தான்.

பண விஷயத்தில் ஒன்றே ஒன்று. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-இல் ஒரு வேலை செய்தது. சின்னத் தொகை பாக்கி இருப்பதால் பதிவு ரத்தாகப்போகிற மாணவர்களைத் தானாகவே கண்டுபிடித்து, அவர்கள் விண்ணப்பம் போடாமலே அந்தப் பாக்கியை அடைத்தது. நம் ஊரிலும் பெரிய தொகையில் பிள்ளைகள் விழுவதில்லை, ஸ்காலர்ஷிப் வருவதற்குத் தாமதமாகும் இடைவெளியில்தான் விழுகிறார்கள். தேர்வுக் கட்டணம், மெஸ் பாக்கி, ஒரு கால்குலேட்டர். பையன் நாலு நாள் வகுப்புக்கு வரவில்லை என்றால் உடம்பு சரியில்லை என்று சொல்வான், கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பான். துறையில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சிறு நிதி வைத்துக்கொண்டு, கேட்காமலே கொடுக்கும் பழக்கம் இருந்தால் அந்த நாலு நாள் மிச்சம். கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி வா என்றால் வர மாட்டார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு மானம் பெரிது.

எந்தக் கல்லூரிக்கு எது என்று கேட்டால்: எல்லோரும் விடுதியில் தங்கும் பல்கலைக்கழக வளாகம், நிதியும் இருக்கிறது என்றால் மேயர்ஹாஃப் மாதிரி நீண்ட அணித் திட்டத்தை யோசிக்கலாம். அரசுக் கலைக் கல்லூரியில் பாதிப்பேர் பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள், அங்கே பாட உதவியைவிட ஆலோசகரும் சிறு நிதியும் முதலில் வர வேண்டும். மற்றபடி, சுற்று வட்டாரத்திலிருந்து பஸ்ஸில் பிள்ளைகள் வரும் சாதாரண இன்ஜினியரிங் கல்லூரி என்றால் குழுப் படிப்புதான், அதுவும் வகுப்பு நேரத்துக்குள்.

வகுப்பு நேரத்துக்குள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்று விட்டால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் வருவார்கள், அவர்கள் தேறியதைக் காட்டி திட்டம் வெற்றி என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம். எல்லோரும் இருக்கும் நேரத்தில் நடத்தினால், இந்த பேட்ச்சின் எம்-1 அரியரையும் போன பேட்ச்சின் அரியரையும் நேராக ஒப்பிடலாம். இரண்டாம் செமஸ்டர் கணிதமான எம்-2 வரைக்கும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத்துக்கு வாரம் 3 வகுப்போடு ஒரு டுடோரியல் ஹவர் வைத்தார்கள். போர்ஷன் முடிக்க வேண்டும் என்று அதையும் வகுப்பாகவே எடுத்துவிடுகிறோம். அந்த ஹவரையும், பல கல்லூரிகளில் சும்மா போகும் லைப்ரரி ஹவரையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது, ஒரு நல்ல கணக்கோடு மல்லுக்கட்ட அது போதும். 60 பேருக்கு 12 குழு, மூன்று சீனியர்கள். அந்த சீனியர்கள் மூன்றாம் ஆண்டில் இருந்தால் நல்லது, ஒருமுறை அரியர் வைத்து எழுதித் தேறியவர் ஒருவராவது அவர்களில் இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கும் அதே நேரம் காலியாக இருக்க வேண்டும். ஆகவே டைம்டேபிள் போடும் ஆசிரியரிடம் முதலாண்டு வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, இரண்டு ஆண்டுகளின் டைம்டேபிளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள். லேப் ஒதுக்கீடு முடிந்த பிறகு போனால் இரண்டு ஹவரைச் சேர்த்து வாங்க முடியாது.